கல்லூரிக் கட்டுரை, சான்று காட்டுதல், வாதம் வைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், சேலம், கரூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் இளங்கலை அசைன்மென்ட் முதல் முதுகலை ஆய்வேடு வரை எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் ஒரே பொருளிலிருந்து எடுத்திருக்கிறோம்: கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போடலாமா, கூடாதா என்ற விவாதம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிந்தது. அங்கிருந்து கிளம்பும் வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. மண் வாய்க்கால் என்பதால் வழியெல்லாம் நீர் கசிகிறது. கசிவை அடைத்தால்தான் வாய்க்காலின் கடைசிப் பகுதியான கடைமடைக்குத் தண்ணீர் சேரும் என்கிறது ஒரு தரப்பு. அந்தக் கசிவில்தான் எங்கள் கிணறும் தென்னையும் பிழைக்கின்றன என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு பக்கமும் நிற்பவர்கள் விவசாயிகளே. கட்டுரை எழுதிப் பழக இதைவிடத் தோதான பொருள் கிடைப்பது அரிது.

பள்ளியில் எழுதிய கட்டுரைக்கும் கல்லூரிக் கட்டுரைக்கும் என்ன வேறுபாடு?

பள்ளியில் ஒரு தலைப்பைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் குறிப்புச்சட்டத்தின் கீழ் நிரப்பினோம். 'நீர்ப் பாசனத்தின் சிறப்பு' என்று தலைப்பு வந்தால் ஒரு குறளில் தொடங்கி, பயன்களை அடுக்கி, 'காப்போம்' என்று முடித்தால் மதிப்பெண் வந்துவிடும். கல்லூரியில் அது போதாது. நியாயமான ஒருவர் 'இல்லை' என்று மறுக்கக்கூடிய ஒரு கருத்தை முன்வைத்து, அதை ஏன் ஏற்க வேண்டும் என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும். படிப்பவர் எந்த வரியில் விரலை வைத்து 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்டாலும், அந்த வரியிலேயே பதில் இருக்க வேண்டும். கீழே வரும் நடைமுறைகள் எல்லாம் இந்த ஒரு தேவையிலிருந்து பிறந்தவைதான்.

மையக் கருத்தை எப்படி எழுதுவது? 'தலைப்பு இருக்கிறதே, போதாதா?'

போதாது. தலைப்பு எதைப் பற்றி என்று மட்டும் சொல்லும். மையக் கருத்து, அதைப் பற்றி நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று சொல்லும். மூன்று வடிவங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் வடிவம்: 'கீழ்பவானி வாய்க்கால் கொங்கு நாட்டு விவசாயத்துக்கு மிக முக்கியமானது.' இதை யாரும் மறுக்கப் போவதில்லை. மறுக்க ஆளில்லாத கருத்துக்கு வாதம் தேவைப்படாது. கட்டுரை வெறும் தகவல் மூட்டையாகிவிடும்.

இரண்டாவது: 'கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போடக் கூடாது.' மறுக்க ஆள் உண்டு. ஆனால் ஏன் கூடாது, முழு நீளத்துக்குமா, ஒரு பகுதிக்கா என்பது தெரியவில்லை. மேடையில் முழங்க இது போதும். பத்துப் பக்கத்துக்குத் தாங்காது.

மூன்றாவது: 'கசிவு நீரை நம்பியிருக்கும் கிணற்றுப் பாசனம் எவ்வளவு என்று அளக்காமல் வாய்க்கால் முழுவதற்கும் தளம் போட்டால், கடைமடையில் கிடைக்கும் ஆதாயத்தை மேற்பகுதியின் இழப்பு விழுங்கிவிடக்கூடும், ஆகவே கரை பலவீனமான இடங்களுக்கு மட்டும் முதலில் தளம் போட வேண்டும்.'

மூன்றாவதை எழுதியதுமே என்ன தேட வேண்டும் என்பது தானாக வெளிப்பட்டுவிடுகிறது. கசிவால் ஊறும் கிணறுகளின் நிலை, கடைமடையின் பற்றாக்குறை, கரை உடைந்த இடங்களின் விவரம் ஆகிய மூன்றும் வேண்டும். ஒன்று கிடைக்காவிட்டால் கருத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். இந்த வாக்கியத்தை முதல் பத்தியின் கடைசியிலோ இரண்டாம் பத்தியிலோ வையுங்கள். எழுதத் தொடங்கும்போது எழுதிய மையக் கருத்து, முழுக் கட்டுரையும் முடிந்த பிறகு பெரும்பாலும் பொருந்தாது. ஆதாரங்கள் உங்களைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கும். கடைசியில் வந்து அதைத் திருத்தி எழுதுவது வேலையின் ஒரு பகுதி.

ஒரு பத்தி எவ்வளவு நீளம் இருக்கலாம்?

ஒரு பத்திக்கு ஒரு கருத்து. தமிழில் விகுதியும் வேற்றுமை உருபும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் 80 முதல் 130 சொல்லுக்குள் ஒரு கருத்தைச் சொல்லி, ஆதாரம் காட்டி, அந்த ஆதாரம் கருத்துக்கு எப்படித் துணை நிற்கிறது என்று விளக்கிவிடலாம். கடைசியாகச் சொன்ன அந்த விளக்கத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மேற்கோளைப் போட்டதும் அடுத்த பத்திக்குத் தாவிவிடுகிறார்கள். மேற்கோள் அந்தரத்தில் நிற்கிறது. மேற்கோளோடு எந்தப் பத்தியும் முடியக் கூடாது என்று வைத்துக்கொண்டால் இந்தப் பிழை தானாகக் குறையும்.

எதற்கெல்லாம் சான்று காட்ட வேண்டும்? எல்லா வரிக்கும் காட்ட முடியுமா?

பவானி ஆறு கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது என்பதற்குச் சான்று வேண்டாம். எந்த அறிமுக நூலைத் திறந்தாலும் முரண்பாடின்றிக் கிடைக்கும் செய்தி அது. ஆயக்கட்டு (வாய்க்கால் பாயும் நிலப்பரப்பு) இத்தனை ஏக்கர், இந்த ஆண்டு இத்தனை நாள் நீர் திறந்தார்கள் என்று எழுதினால் சான்று வேண்டும். எண் வந்தால் சான்று என்று பழகுங்கள். ஒருவரின் கருத்து, விளக்கம், வகைப்பாடு, அவர் உருவாக்கிய கலைச்சொல், அவருடைய வரைபடம், அட்டவணை, புகைப்படம் எல்லாவற்றுக்கும் வேண்டும்.

நடுவில் நிற்பவைதான் குழப்பும். 'காலிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது' என்பது கொங்கு வரலாறு படித்தவர்களுக்குப் பொதுச் செய்தி. 'வெட்டி முடித்த ஆண்டு 1283' என்று குறிப்பாக எழுதினால் அந்த ஆண்டை யார், எதை வைத்துச் சொன்னார் என்பது கேள்வியாகும், சான்று காட்டுங்கள். சந்தேகம் வந்தால் காட்டிவிடுவதே நல்லது. கூடுதலாக ஒரு சான்று இருந்ததற்காக எந்த நெறியாளரும் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்ப மாட்டார்.

நான்கைந்து சொல்லை மாற்றிவிட்டால் அது என் சொந்த வாக்கியம்தானே?

இல்லை. கொங்குக் கல்லூரிகள் என்றில்லை, எங்கும் அதிகம் மாட்டுவது இந்த இடத்தில்தான். நூல் ஒன்றில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

'மண் வாய்க்காலில் கசியும் நீர் வீணாவதில்லை. அது சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீர்மட்டத்தைத் தாங்கிப் பிடித்து, கோடையிலும் தென்னைக்கு உயிர் கொடுக்கிறது.'

மாணவர் எழுதுவது: 'மண் கால்வாயில் கசிகின்ற தண்ணீர் விரயமாவதில்லை, அது அக்கம்பக்கக் கிணறுகளின் நீர்மட்டத்தைக் காத்து, வெயில் காலத்திலும் தென்னையை வாழவைக்கிறது.'

வாய்க்கால் கால்வாயாயிற்று, கோடை வெயில் காலமாயிற்று. வாக்கியத்தின் எலும்பு அப்படியே இருக்கிறது. கீழே சான்று போட்டாலும் இது தவறுதான். ஏனென்றால், கருத்து அவருடையது, சொல் என்னுடையது என்று படிப்பவரை நம்பவைக்கிறது. சொல்லும் உண்மையில் அவருடையதே.

சரியான மாற்றுரை இப்படி இருக்கலாம்: 'கோடையில் தென்னை காயாமல் நிற்பது கசிவால் ஊறும் கிணறுகளால்தான் என்பதால், கசிவை இழப்புக் கணக்கில் சேர்ப்பதை இன்னார் ஏற்பதில்லை (ஆண்டு, ப. எண்).' இங்கே வாக்கியம் உங்கள் வாதத்தின் தேவைக்கேற்பப் புதிதாகக் கட்டப்பட்டிருக்கிறது.

செய்முறை எளிது. பகுதியை இரண்டு முறை படியுங்கள். நூலை மூடிவையுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதுபோல் எழுதுங்கள். பிறகு நூலைத் திறந்து எண்களும் பெயர்களும் சரியா, தொடர்ந்து வரும் நான்கைந்து சொற்கள் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வந்திருந்தால், அந்தச் சொற்களுக்கு மேற்கோள்குறி போடுங்கள், அல்லது மாற்றுங்கள். நூலைத் திறந்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி பார்த்து எழுதினால், எவ்வளவு நேர்மையானவருக்கும் மேலே காட்டிய தவறான வடிவம்தான் வரும்.

நேரடி மேற்கோளைச் சொல்லழகோ சட்ட நுணுக்கமோ முக்கியமாக இருக்கும் இடத்துக்கும், மறுக்கப்போகிற கருத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மறுக்கிறவரின் சொல்லை அப்படியே காட்டினால்தான், அவர் சொல்லாததைச் சொன்னதாகத் திரித்துவிட்டீர்கள் என்ற குற்றச்சாட்டு வராது.

ஆங்கில நூலிலிருந்து நானே மொழிபெயர்த்தேன். அதற்கும் சான்று வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். பிறர் எழுத்தோடு ஒப்புமை பார்க்கும் மென்பொருள் மொழிபெயர்ப்பைப் பிடிக்கத் தவறலாம்; அதனால் அது உங்கள் கருத்தாகிவிடாது. ஏபிஏ என்ற சான்று காட்டும் முறையில், நீங்களே மொழிபெயர்த்த பகுதி மாற்றுரையாகக் கொள்ளப்படும்: மேற்கோள்குறி தேவையில்லை, ஆசிரியரும் ஆண்டும் தேவை. அச்சில் வந்த தமிழ் மொழிபெயர்ப்பு நூலிலிருந்து எடுத்தால் அது நேரடி மேற்கோள். அங்கே மேற்கோள்குறியும் பக்க எண்ணும் மொழிபெயர்ப்பாளர் பெயரும் வரும்.

ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ, ஐஇஇஇ: எதைப் பின்பற்றுவது?

இவை நான்கும் சான்று காட்டும் முறைகள். துறை சொல்வதைப் பின்பற்றுங்கள். துறை எதுவும் சொல்லாவிட்டால், சமூக அறிவியல், கல்வியியல், வணிகம், உளவியல் எழுதுகிறவர்கள் ஏபிஏவும், மொழி, இலக்கியம் எழுதுகிறவர்கள் எம்எல்ஏவும், வரலாறு எழுதுகிறவர்கள் அடிக்குறிப்போடு சிகாகோவும், பொறியியல் மாணவர்கள் ஐஇஇஇயும் எடுப்பது வழக்கம். பதிப்பையும் கவனியுங்கள். ஏபிஏவின் 7ஆம் பதிப்பு 2019 இறுதியில் வந்தது. எம்எல்ஏவின் 9ஆம் பதிப்பு 2021இல், சிகாகோவின் 18ஆம் பதிப்பு 2024இல் வந்தன. சீனியரின் ஆய்வேட்டைப் பார்த்துப் பட்டியல் போடுகிறவர்களிடம் இன்னும் பழைய பதிப்பின் விதிகளே ஓடிக்கொண்டிருக்கின்றன.

வேறுபாட்டை ஒரே நூலை வைத்துக் காட்டலாம். கோயம்புத்தூர் மாவட்டத்தைப் பற்றி எஃப். ஏ. நிக்கல்சன் எழுதிய மாவட்டக் கையேடு 1887இல் சென்னை அரசு அச்சகத்தில் வெளிவந்தது. அதன் 45ஆம் பக்கத்திலிருந்து எடுப்பதாக வைத்துக்கொண்டால், ஏபிஏவில் (நிக்கல்சன், 1887, ப. 45) என்று வரும். எம்எல்ஏவில் (நிக்கல்சன் 45) மட்டும்: ஆண்டும் இல்லை, காற்புள்ளியும் இல்லை, 'ப.' என்ற குறியும் இல்லை. ஐஇஇஇயில் சதுர அடைப்புக்குள் ஓர் எண். முதலில் வரும் நூலுக்கு 1, அடுத்ததற்கு 2. அதே நூல் மீண்டும் வந்தால் பழைய எண்ணே. நடுவில் ஒரு சான்றைச் சேர்த்தால் பின்னால் வரும் எண்கள் எல்லாம் தள்ளிப்போகும். ஆகவே ஐஇஇஇ எழுதுகிறவர்கள் கையால் எண் போடாமல் ஜோட்டெரோ, மெண்டெலே போன்ற மென்பொருளைப் பயன்படுத்துவது நல்லது.

ஆசிரியர்கள் மூவரோ அதற்கு மேலோ இருந்தால், ஏபிஏவிலும் எம்எல்ஏவிலும் முதல் முறையிலிருந்தே முதலாமவர் பெயரோடு 'மற்றும் பிறர்' போதும். நீண்ட மேற்கோள் ஏபிஏவில் 40 சொல்லை எட்டினாலும், எம்எல்ஏவில் உரைநடை நான்கு வரியைத் தாண்டினாலும், மேற்கோள்குறி இல்லாமல் அரை அங்குலம் உள்தள்ளித் தனிப் பத்தியாக வரும்.

தமிழ்ப் பெயரில் குடும்பப் பெயர் இல்லையே. பட்டியலில் எப்படிப் போடுவது?

மேலைநாட்டு முறைகள் 'குடும்பப் பெயர், முதலெழுத்து' என்று கேட்கின்றன. நம் பக்கத்தில் தலைப்பெழுத்து தந்தை பெயருக்கோ ஊருக்கோ உரியது. ஆளுக்கு உரிய பெயர் பின்னால் வருகிறது. ஆகவே ஆளின் பெயரை முன்னால் வைத்துத் தலைப்பெழுத்தைப் பின்னால் தள்ளுங்கள். கொங்கு வரலாற்றுக்கும் கல்வெட்டுக்கும் பேர்பெற்ற புலவர் செ. இராசு, பட்டியலில் 'இராசு, செ.' என்று வருவார். புலவர், முனைவர், பேராசிரியர் போன்ற பட்டங்களைப் பட்டியலில் போடுவதில்லை. முன்னுரையில் நன்றி சொல்லும்போது தாராளமாகப் போடுங்கள்.

தொல்லை தருவது எழுத்து வேறுபாடுதான். ஒரே ஆசிரியர் ஒரு நூலில் 'இராசு' என்றும், அவரைப் பற்றிய செய்தியில் 'ராசு' என்றும் இருப்பார். அகர வரிசையில் இகரம் ஓரிடம், ரகரம் வேறிடம். ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். நூலின் தலைப்புப் பக்கத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு, கட்டுரை முழுக்க அதையே பயன்படுத்துங்கள். தமிழ் நூல்களும் ஆங்கில நூல்களும் கலந்திருந்தால், தமிழ் நூல்களைத் தமிழ் அகர வரிசையில் முதலிலும் ஆங்கில நூல்களை அடுத்தும் தனித்தனியாகப் போடுவது தமிழ்த் துறைகளின் பழக்கம்.

சங்கப் பாடலையும் கல்வெட்டையும் எப்படிக் காட்டுவது?

பக்க எண்ணால் அல்ல, பாடல் எண்ணாலும் அடி எண்ணாலும். சென்னிமலைக்கு அருகே அகழாய்வு நடந்த கொடுமணலைப் பற்றி எழுதுகிறவர்கள், பதிற்றுப்பத்து 67, 74ஆம் பாடல்களில் வரும் 'கொடுமணம்' அந்த ஊரே என்று அறிஞர்கள் கருதுவதைச் சுட்டுவார்கள். அங்கே (பதிற்றுப்பத்து 74:5) என்று போட்டால், படிப்பவர் கையில் எந்தப் பதிப்பு இருந்தாலும் அடியைக் கண்டுபிடித்துவிடுவார். எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினீர்கள் என்பதைத் துணைநூற்பட்டியலில் சொல்லுங்கள். பாட வேறுபாடு உள்ள இடங்களில் அது தேவைப்படும். உரையாசிரியரின் விளக்கத்தை எடுத்தால் அது தனிச் சான்று: மூலத்துக்கும் உரைக்கும் ஒரே குறிப்பைப் போடாதீர்கள்.

கல்வெட்டுக்கு, அது வெளியான தொகுதியின் பெயர், தொகுதி எண், கல்வெட்டு எண் மூன்றும் வேண்டும். கோயிலுக்கே போய்ப் படித்தீர்கள் என்றால் ஊர், கோயில், எந்தச் சுவர், படித்த தேதி.

விவசாயிகளையும் விசைத்தறிக்காரர்களையும் நேரில் பார்த்துப் பேசினேன். அதற்கு என்ன குறிப்பு?

இரண்டு வகை இருக்கிறது. பாசன சபைத் தலைவர் ஒருவரிடம் போனில் ஒரு தகவல் கேட்டுக்கொண்டீர்கள் என்றால், ஏபிஏவில் அது தனிப்பட்ட தொடர்பு. கட்டுரைக்குள் பெயரும் முழுத் தேதியும் வரும். படிப்பவர் தேடி எடுக்க முடியாது என்பதால் பட்டியலில் வராது. ஆனால் முப்பது பேரிடம் கேள்வித்தாள் வைத்துப் பேட்டி எடுத்திருந்தால் அது உங்கள் ஆய்வின் தரவு. யாரை, எந்த ஊரில், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஆய்வு முறையியல் பகுதியில் சொல்லிவிட்டு, 'விவசாயி 7' என்பதுபோல் குறியீடு கொடுத்து மேற்கோள் காட்ட வேண்டும். பேசத் தொடங்கும் முன்பே ஒப்புதல் கேளுங்கள். 'ஏனுங்கய்யா, நீங்க சொல்றத ரெக்கார்டு பண்ணிக்கலாமுங்களா? பேர் போட வேண்டாமுன்னா போட மாட்டோமுங்க' என்று கேட்டு, அவர் சம்மதத்தையும் பதிவின் தொடக்கத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

பேச்சைத் திருத்தி எழுதாதீர்கள். 'கடைமடைக்குத் தண்ணி வந்து சேர்றதுக்குள்ள தண்ணிய நிறுத்திப் போடறாங்க' என்று ஒருவர் சொன்னால், 'கடைமடையை நீர் அடைவதற்கு முன்பே நீர் திறப்பு நிறுத்தப்படுகிறது' என்று செந்தமிழாக்கி மேற்கோள்குறிக்குள் வைப்பது தவறு. செயப்பாட்டு வினைக்கு மாறியதும் 'நிறுத்திப் போடறாங்க' என்பதில் இருந்த ஆளும் குற்றச்சாட்டும் காணாமல் போய்விட்டன. வட்டாரச் சொல் புரியாது என்று தோன்றினால் சதுர அடைப்புக்குள் பொருள் கொடுங்கள்.

எத்தனை சதவீதம் வரை ஒப்புமை இருக்கலாம்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறை விதிகளின்படி, முதுகலை முதல் முனைவர் பட்டம் வரையிலான ஆய்வேடுகளில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை போனால், அதிகபட்சம் 6 மாதத்துக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை போனால், திருத்திய படியைச் சமர்ப்பிக்க ஓராண்டு தடை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். முறையாகச் சான்று காட்டிய மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்டப் பகுதிகள், பொதுச் சமன்பாடுகள் போன்றவை கணக்கில் வராது. தொடர்ந்து 14 சொல் வரை தற்செயலாக ஒத்துப்போவதற்கும் விலக்கு உண்டு.

இதைப் படித்துவிட்டு '10 சதவீதம் காப்பியடிக்கலாம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண் சொல்லின் ஒப்புமையை அளக்கிறது, நேர்மையை அளக்கவில்லை. 4 சதவீதம் காட்டும் ஆய்வேட்டில், அந்த 4 சதவீதமும் ஒரே ஆசிரியரின் முக்கியமான முடிவாக இருக்கலாம். வாய்மொழித் தேர்வான வைவாவில் அந்த ஆசிரியரைப் படித்த தேர்வாளர் உட்கார்ந்திருந்தால் மென்பொருள் அறிக்கை கைகொடுக்காது. எதிர்ப்பக்கமும் உண்டு: சட்டம், கணக்கு, இலக்கணத் துறைகளில் 15 என்று வந்ததில் பெரும்பகுதி முறையான மேற்கோளாக இருக்கும். சதவீதத்தைப் பார்த்ததும் பதறாமல், அறிக்கையில் நிறமிட்ட ஒவ்வொரு வரியையும் திறந்து பாருங்கள்.

அரிஸ்டாட்டில் சொன்ன மூன்று வழிகளை ஆய்வுக் கட்டுரையில் எப்படிப் பயன்படுத்துவது? அது மேடைப் பேச்சுக்குத்தானே?

கிறிஸ்துவுக்கு முந்தைய 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், கேட்பவரை இணங்கவைக்கும் வழிகளை மூன்றாகப் பிரித்தார்: பேசுகிறவரின் நம்பகம் (எத்தோஸ்), கேட்பவரின் உணர்வு (பேத்தோஸ்), பேச்சின் தர்க்கம் (லோகோஸ்). அவர் மேடையையும் மன்றத்தையும் நினைத்துத்தான் சொன்னார். ஆனால் எழுத்திலும் மூன்றும் வேலை செய்கின்றன, நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

தர்க்கத்திலிருந்து தொடங்கலாம். 'தளம் போட்டார்கள், அடுத்த ஆண்டு கிணறு வற்றியது, ஆகவே தளத்தால்தான் வற்றியது' என்று எழுதுகிறவர்கள் அதிகம். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை எவ்வளவு பெய்தது, வாய்க்காலில் எத்தனை நாள் நீர் ஓடியது, பக்கத்தில் புதிதாக எத்தனை ஆழ்துளைக் கிணறு விழுந்தது என்று பார்க்காமல் காரணத்தைச் சொல்ல முடியாது. நிலத்தடி நீர்மட்டத்தை ஒப்பிடும்போது மாதமும் ஒன்றாக இருக்க வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. ஓர் ஆண்டின் நவம்பர் அளவை அடுத்த ஆண்டின் மே அளவோடு வைத்துப் பார்த்தால், வாய்க்காலுக்கு யார் என்ன செய்திருந்தாலும் மட்டம் இறங்கித்தான் தெரியும். தளம் போட்ட பகுதியை மட்டும் பார்க்காமல், போடாத பகுதியிலும் அதே ஆண்டுகளை எடுத்து ஒப்பிடுங்கள்.

நம்பகம் என்பது பெயருக்கு முன்னால் உள்ள பட்டத்திலிருந்து வருவதில்லை. முன்பே இருக்கும் புகழிலிருந்து இல்லாமல் பேச்சிலிருந்தே அது பிறக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டிலே சொல்கிறார். எழுத்தில் அதற்கு வழி: எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைக் குறைக்காமல் எடுத்துச்சொல்வது, அளந்ததை அளந்தேன் என்றும் ஊகித்ததை ஊகம் என்றும் எழுதுவது, எண்களில் பிழையில்லாமல் பார்ப்பது. உங்கள் குடும்பத்துக்கே அந்த ஆயக்கட்டில் பூமி இருந்தால் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். மறைத்துப் பின்னால் தெரியவந்தால் நல்ல ஆதாரத்தின் மேலும் சந்தேகம் விழும்.

உணர்வு ஆய்வுக் கட்டுரைக்கு ஆகாது என்று சிலர் அடியோடு விலக்குகிறார்கள். அது சரியல்ல. நீர் கிடைக்காத ஒரு தோட்டத்தில் எத்தனை தென்னை பட்டுப்போயிற்று, கடன் எவ்வளவு என்று ஒரு குடும்பத்தின் நிலையைக் காட்டுவது, அட்டவணை சொல்வதன் கனத்தைப் படிப்பவருக்கு உணர்த்தும். ஆனால் முதலில் தரவு, பிறகு அந்தக் குடும்பம். அந்தக் குடும்பத்தின் நிலை எத்தனை பேருக்குப் பொருந்தும் என்பதையும் சொல்ல வேண்டும். 'வயிற்றில் அடிக்கும் கொடுஞ்செயல்', 'கண்ணீர்க் கடலில் விவசாயிகள்' போன்ற அடைமொழிகளை எடுத்துவிடுங்கள். பட்டுப்போன மரத்தின் எண்ணிக்கையே போதுமான அளவு பேசும்.

எதிர்க்கருத்தைச் சொன்னால் என் வாதம் பலவீனப்படாதா?

சொல்லாவிட்டால்தான் பலவீனப்படும். அதைத் தெரிந்தவர் படிக்கும்போது, இவருக்கு அது தெரியவில்லை அல்லது மறைக்கிறார் என்று நினைப்பார்.

இதற்கு நம் மரபிலேயே தெளிவான வகைப்பாடு இருக்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரம் என்று கொங்கு நாட்டில் சொல்வதுண்டு. அந்த நூலின் பாயிரம் ஏழு மதங்களை, அதாவது பிறர் கொள்கைக்கு முன்னால் ஒரு நூலாசிரியர் எடுக்கக்கூடிய நிலைப்பாடுகளைச் சொல்கிறது. உடன்படலாம். மறுக்கலாம். பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களையலாம். தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்தலாம். இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணியலாம். பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம். பிறர் கொள்கையோடு சேராமல் தன் கொள்கையைக் கொள்ளலாம்.

கட்டுரைக்குப் பெரிதும் உதவுவது மூன்றாவது. 'கசிவால் கடைமடைக்கு நீர் குறைகிறது என்பது உண்மை' என்று முதலில் மனதார ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கு அவர்கள் காட்டும் ஆதாரத்தையும் கொடுங்கள். அதன் பிறகு, 'ஆனால் அந்தக் கணக்கு கிணற்றில் எடுக்கும் நீரைச் சேர்க்கவில்லை' என்று களையுங்கள். 'சிலர் கூறுவர்' என்று பெயரில்லாமல் ஒரு நொண்டி வாதத்தை நிறுத்தி அடித்து வீழ்த்துவதில் பயனில்லை. யார் சொன்னார், எங்கே சொன்னார் என்று சான்றோடு எழுதுங்கள்.

விக்கிப்பீடியா, வாட்ஸ்அப், யூடியூப்?

விக்கிப்பீடியாவில் தொடங்குங்கள், அங்கேயே நின்றுவிடாதீர்கள். கட்டுரையின் அடியில் உள்ள மூலங்களுக்குப் போய் அவற்றைப் படித்து அவற்றையே காட்டுங்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டதை எழுதுகிறீர்கள் என்றால், செய்தித்தாள் இரண்டாம் நிலைச் சான்று, உத்தரவு முதல் நிலைச் சான்று. உத்தரவு கிடைக்கும்போது செய்தியை மட்டும் காட்டுவது சோம்பல். வாட்ஸ்அப்பில் வந்தது எதையும் மூலம் கண்டுபிடிக்காமல் எடுக்காதீர்கள். யூடியூபில் நிபுணர் பேசியதை எடுத்தால் நிமிடமும் நொடியும் குறிப்பிடுங்கள்.

சாட்ஜிபிடியில் எழுதலாமா?

துறையின் விதியை முதலில் கேளுங்கள். அனுமதித்தால், எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதிவிடுங்கள். பெரிய ஆபத்து, அது இல்லாத நூலையும் இல்லாத கட்டுரையையும் சான்றாக உருவாக்கித் தருவது. ஆசிரியர் பெயர் உண்மையானதாக இருக்கும், இதழும் உண்மையானதாக இருக்கும், அந்தத் தலைப்பில் கட்டுரை மட்டும் இருக்காது. தமிழ், கொங்கு வரலாறு போன்ற பொருள்களில் இது இன்னும் அதிகம். ஒவ்வொரு சான்றின் டிஓஐ எண்ணையும் (இணையத்தில் கட்டுரையை அடையாளம் காட்டும் நிலையான எண்) தேடித் திறந்து, தலைப்பும் ஆசிரியரும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். டிஓஐ இல்லாத தமிழ் நூல் என்றால் நூலகத்தில் கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணால் பார்க்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

பாமினியில் தட்டச்சு செய்த ஆய்வேட்டைக் கொடுக்கலாமா?

வேண்டாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளதைக் கணினி ஆங்கில எழுத்துகளாகத்தான் படிக்கும். ஒப்புமை அறிக்கைக்குப் பொருளே இருக்காது, தேடலிலும் அகப்படாது. ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிக் கொடுங்கள். மாற்றிய பிறகு ஒற்றெழுத்து, கொம்பு, மேற்கோள்குறி மூன்றையும் கண்ணால் பாருங்கள். மாற்றும்போது அதிகம் சிதைவது அவைதான்.

சமர்ப்பிப்பதற்கு முன்னால் எந்த வரிசையில் சரிபார்ப்பது?

எழுத்துப் பிழையைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தொடர்ந்து படியுங்கள். வாதம் அதிலேயே ஓடிவர வேண்டும். எங்கே தடுக்குகிறதோ அங்கே பத்தி இடம் மாறியிருக்கிறது. அடுத்து, நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் மூன்றையாவது தேடுங்கள்: கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல். ஆய்வேடுகளில் இரண்டாம் இயலில் சொன்னதை நான்காம் இயல் மறுப்பது அடிக்கடி நடக்கிறது, இயல்களுக்கு இடையில் மாதக்கணக்கில் இடைவெளி விழுவதால்.

பிறகு சான்றுகள். அச்செடுத்த படியில் ஒரு பேனாவோடு உட்காருங்கள். கட்டுரைக்குள் ஒவ்வொரு குறிப்பு வரும்போதும் பட்டியலில் அதற்குரிய நூலை டிக் செய்யுங்கள். முடிவில் டிக் விழாத நூல் இருந்தால், ஏபிஏவிலும் எம்எல்ஏவிலும் அதை எடுத்துவிட வேண்டும். கட்டுரையில் சுட்டாத நூல் பட்டியலில் இருக்கக் கூடாது. உள்ளே குறிப்பு இருந்து பட்டியலில் நூல் இல்லையென்றால் உடனே சேருங்கள். ஆண்டு இரண்டு இடத்திலும் ஒன்றுதானா என்று பாருங்கள். மறுபதிப்பு நூல்களில் ஓரிடத்தில் முதல் பதிப்பின் ஆண்டும் இன்னோரிடத்தில் மறுபதிப்பின் ஆண்டும் வந்துவிடும். நூறு நூல் உள்ள பட்டியலுக்கு இந்த வேலை ஒரு முழு மத்தியானத்தைக் கேட்கும். பைண்டிங்குக்குக் கொடுக்கும் நாளுக்கு முந்தைய நாளே அதை முடித்துவிடுங்கள்.